எம்.ஜி.ஏ. சேசிஸ் துரு: மேலே தார் அடித்தால் போதுமா?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 17

அண்ணே, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். மாமா வைத்திருந்த 1960 எம்.ஜி.ஏ. 1600, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பட்டறையில் தூக்கிப் பார்த்தோம். அடியெல்லாம் கறுப்பாக, சுத்தமாகத்தான் தெரிகிறது. "இங்கிலாந்தில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள், அதனால் அங்கே சேசிஸ் (அடிச்சட்டம்) அழுகும். இங்கே பனியும் இல்லை, உப்பும் இல்லை. இன்னொரு கோட் தார் அடித்தால் இருபது வருஷம் ஓடும்" என்கிறார்கள். சரிதானா?

பதில், 2024 ஆகஸ்ட் 17, இரவு

தார் அடிக்காதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

என்னுடையதும் 1600தான். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை வாங்கிய வண்டி. அவர் ஊருக்குக் கிளம்பும்போது தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணிக்கு விற்றார், கிராணியின் பேரன் எனக்கு விற்றார். கெடா நம்பரோடு பினாங்குக்கு வந்தது. அதன் அடியும் கறுப்பாக, பளபளவென்றுதான் இருந்தது.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சைடு மெம்பரை, அதாவது சேசிஸின் பக்கத்தில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டத்தை, முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு "ணங்" என்கும். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் "தொப்" என்று ஆனது, நனைந்த பலகையைத் தட்டின மாதிரி. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். தார் உள்ளே குழிந்தது, கிழியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கைப்பிடிவரை இறங்கிவிட்டது. அந்த இடத்தில் இரும்பு என்று எதுவும் மிச்சமில்லை. தாரின் தோல்தான் சேசிஸ் வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது.

உப்பு இல்லாவிட்டாலும் துரு பிடிக்கும். அதற்குத் தண்ணீரும் காற்றும் போதும். காற்றில் ஈரம் 60, 70 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். நம் மலேசியாவில் சராசரியே 80ஐ ஒட்டி இருக்கிறது. பழைய தார் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்ணீர் புகும், புகுந்தது வெளியே வராது. அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் ஈரத்தை மூடி போட்டுப் பாதுகாப்பது போலாகிவிடும்.

நாளைக்குச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பெயின்ட் போய்விடுமே என்று தயங்க வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 18

எங்கே தட்டுவது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எம்.ஜி.ஏ.வில் பாடி வேறு, சேசிஸ் வேறு. உட்காருபவர்கள் தாழ்வாக உட்கார வேண்டும் என்பதற்காக இரண்டு சைடு மெம்பரையும் வெளிப்பக்கமாக வளைத்து அகலமாக வைத்தார்கள். நம் கால் கிடப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே தரை இரும்புத் தகடு அல்ல, ஒட்டுப்பலகை. அந்தப் பலகை, சைடு மெம்பரின் உள்பக்கத்தில் வெல்டிங் செய்த தாங்கிகளின் மேல் உட்காருகிறது. மழையில் கால் நனைந்து ஏறுகிறோம், பலகை தண்ணீரைக் குடிக்கிறது, வாரக்கணக்கில் ஈரத்தைத் தாங்கியின் மேல் வைத்துக்கொண்டே இருக்கிறது. முதல் இடம் அதுதான். பலகையைக் கழற்றிவிடலாம், போல்ட்தான். கழற்றினால் சைடு மெம்பரின் உள்முகம் முழுக்கத் தெரியும்.

இரண்டாவது, இருக்கைக்குப் பின்னால் பேட்டரி தாங்கிகள். 6 வோல்ட் பேட்டரி இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக. ஆசிட் சிந்திச் சிந்தித் தாங்கி தாள் மாதிரி ஆகியிருக்கும்.

மூன்றாவது இடத்தைச் சுத்தியல் காட்டிக்கொடுக்காது. சைடு மெம்பர் நாலு பக்கமும் மூடிய பெட்டி. அதற்குள் என்ன கிடக்கிறது என்று துளைக்குள் கம்பியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் கம்பி ஒரு ஜாண்கூடப் போகவில்லை. அழுகிய பகுதியை வெட்டித் திறந்தபோது உள்ளே செம்மண். செங்கல் மாதிரி இறுகி, பெட்டியின் உயரத்தில் பாதிக்கு இருந்தது. உடைத்துப் பார்த்தேன், நடுவில் இன்னும் ஈரம். தோட்டத்துப் பாதையில் துரை ஓட்டியபோது அள்ளிக்கொண்ட மண், அறுபது வருஷமாக உள்ளேயே உட்கார்ந்து மழைக்கு மழை நனைந்திருக்கிறது. என் தாத்தா அதே ஜில்லாவில் பால்மரம் சீவியவர். அந்த மண்ணைக் குப்பையில் போட மனசு வரவில்லை, ஒரு ஜாடியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 25

முதல் குறிப்பில் நான் சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். உப்பே வேண்டாம் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் நண்பரிடம் ஒரு பழைய ட்ரையம்ப் கார் இருக்கிறது. நேற்று அதன் அடியில் படுத்துப் பார்த்தேன். மழையே படாமல் கூரைக்குள் நிற்கும் வண்டி, செம்மண் ரோட்டையே பார்த்ததில்லை. ஆனாலும் கடலைப் பார்த்து நிற்கும் முன்பக்கத்தில் போல்ட் தலையெல்லாம் பொரிந்து போயிருக்கிறது, பின்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கிறது. கடற்காற்றில் உப்பு வருகிறது, அது இரும்பின் மேல் படிந்து காற்றின் ஈரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்த கார்கள் எல்லாம் ஃபெர்ரியில் வந்தவை என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

ஆக, பட்டறையில் "உப்பு இல்லை" என்று சொன்னதைப் பாதி ஒத்துக்கொண்டது என் தப்பு. பெட்டாலிங் ஜெயாவுக்கு அது பொருந்தலாம். பினாங்குக்குப் பொருந்தாது.

2024 ஆகஸ்ட் 26

ஈப்போவிலிருந்து ஒருவர் எம்.ஜி.பி.க்கும் இதே கதையா என்று கேட்டிருக்கிறார். இல்லை. 1962இல் எம்.ஜி.ஏ.வுக்குப் பிறகு வந்த எம்.ஜி.பி.யில் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதிதான் அதற்கு முதுகெலும்பு. அது அழுகிய வண்டியை நடுவில் ஜாக் வைத்துத் தூக்கினால் கதவு இடுக்கிக்கொள்ளும். தூக்குவதற்கு முன்னும் பின்னும் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

2024 செப்டம்பர் 8

பெட்டாலிங் ஜெயா தம்பி தட்டிப் பார்த்துவிட்டார். இடது பக்கம் மூன்று இடத்தில் "தொப்". புதுச் சேசிஸே வரவழைத்துவிடலாமா என்கிறார். இரண்டு பக்கமும் போயிருந்தால் அதுதான் நல்லது என்பது என் எண்ணம். துண்டு துண்டாக ஒட்டுப் போட்ட சேசிஸில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போக நான் துணியமாட்டேன்.

ஒட்டு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியின் வலது பேட்டரி தாங்கிக்குக் கீழே தாரைச் சுரண்டினேன். முதலில் புட்டி வந்தது, காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. புட்டிக்குக் கீழே மெல்லிய தகடு. கிரைண்டர் பிரஷ் பட்டதும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ தெரிந்தது, பக்கத்தில் பாதி எழுத்துகள். பிஸ்கட் டின்! வெட்டி, வளைத்து, நாலு மூலையில் மட்டும் வெல்டிங் பொட்டு வைத்து, மேலே புட்டி, அதற்கு மேல் தார். கிராணி வீட்டார் அதற்கு முழுக்கூலி கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பட்டறை என்று பேரன் சொன்னார், நான் எழுதப் போவதில்லை. ஆனால் பின் அச்சின் பாரம் வந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2024 செப்டம்பர் 29

பாடியைத் தூக்கிவிட்டோம். கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் கழற்றின பிறகு ஆறு பேர் போதுமானதாக இருந்தது. அக்காள் மகனும் அவன் பந்தாட்டக் கூட்டாளிகளும் வந்தார்கள்.

தூக்குவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது, கதவு இருக்கும் இடைவெளியில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்வது. எம்.ஜி.ஏ.விலும் பாடியின் சில் அழுகியிருந்தால் அந்த இரண்டு தூணையும் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. குழாய் வைக்காமல் தூக்கினால் பாடி வாழைப்பட்டை மாதிரி வளையும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே தூரமாக வைத்துவிடுங்கள். காலி டாங்கிதானே என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு வெல்டிங் செய்ய வேண்டாம். காலி டாங்கிக்குள் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

2024 அக்டோபர் 13

இது நீளமாகப் போகும்.

அப்பா கொத்தனார். அவருடைய பித்தளைத் தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது, கயிறு மட்டும் புதுசு. சேசிஸை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமமாக்கினேன். முன்னாலும் பின்னாலும் அசையாத துளைகளாகப் பத்துத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டேன். அது ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, முனை தொடும் இடத்தில் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி. பிறகு புள்ளிக்குப் புள்ளி குறுக்களவு எடுத்தேன், இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் கோணவில்லை. எம்.ஜி.ஏ. வொர்க்‌ஷாப் மேனுவலில் சேசிஸ் அளவுப்படம் இருக்கிறது, அதோடும் ஒத்துப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்குப் பிறகும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள்தான் இருந்தது. இந்தச் சேசிஸைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதன் பிறகு நான் செய்த காரியம். வலது சைடு மெம்பரின் அடிமுகத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் புதுத் தகடு. வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கச்சிதமாகப் பொருத்தினேன். வெல்டிங் அன்றைக்கு அருமையாக வந்தது, நிறுத்த மனசில்லை, ஒரே ஓட்டமாக ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டேன். ஆறின பிறகு குண்டைத் தொங்கவிட்டேன். முனை சாக்பீஸ் புள்ளிக்கு மேல் நிற்கவில்லை, 4 மி.மீ. தள்ளி நின்றது. கயிறு நழுவியதோ என்று மூன்று தடவை பார்த்தேன். அதே 4.

காரணம் தெரிந்ததுதான். உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இரண்டு பக்கத்தையும் தன் பக்கம் இழுக்கும். ஒரே ஓட்டமாகப் போட்டால் இழுப்பும் ஒரே திசையில் சேரும். நான் அதைப் படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பெரிய சேசிஸ், சின்னத் தகடு, என்ன இழுத்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று நாள் அதைத் தொடவில்லை.

2024 அக்டோபர் 26

தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள், வீட்டில் முறுக்குச் சுடும் வாசம், நான் கொட்டகையில்.

ஜெலுத்தோங்கில் லாரி சேசிஸ் வெல்டிங் செய்து செய்தே வயதான ஒரு சீனத் தௌக்கே (பட்டறை முதலாளி) இருக்கிறார். அவரைக் கூட்டிவந்தேன். அவர் வெல்டிங்கைப் பார்க்கவே இல்லை, தரையில் இருந்த சாக்பீஸ் புள்ளிகளைத்தான் முதலில் சுற்றிவந்து பார்த்தார். அப்புறம் நான் போட்டதை கிரைண்டரால் முழுக்கத் திறக்கச் சொன்னார். திறந்ததும் சேசிஸ் தானாகவே பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மிச்சத்தை இரண்டு சைடு மெம்பருக்கும் குறுக்கே கனமான ஆங்கிள் இரும்பை போல்ட் போட்டு இறுக்கி மெல்ல இழுத்துக் கொண்டுவந்தோம்.

பிறகு அவர் போட்ட விதம் இது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தையல். உடனே எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மற்ற முனையில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துப் பார்ப்பார், கை தாங்கினால்தான் அடுத்தது. "பெலான்-பெலான்" (மெல்ல மெல்ல) என்று எனக்குச் சொன்னாரா இரும்புக்குச் சொன்னாரா தெரியவில்லை. அரை நாள் ஆனது. குண்டு புள்ளிக்கு மேல் வந்து நின்றது.

அவரிடம் இன்னொன்றும் கற்றேன். சைடு மெம்பரை நேர்க்கோட்டில் செங்குத்தாக வெட்டி ஒட்டக் கூடாது. அந்த ஒரே கோட்டில் பாரம் முழுக்க விழும், அங்கேயே விரியும். சாய்வாக வெட்ட வேண்டும், மேல்தகடும் பக்கத்தகடும் ஒரே இடத்தில் சேராமல் முன்பின்னாகத் தள்ளி வர வேண்டும். செங்கல் வரிசையில் அப்பா மூட்டு மேல் மூட்டு வராமல் அடுக்குவது மாதிரி. தகட்டின் கனத்தை ஊகிக்க வேண்டாம், நல்ல இரும்பு மிச்சமிருக்கும் இடத்தில் காலிப்பர் வைத்து அளந்து அதே கனத்தில் வாங்குங்கள்.

2024 நவம்பர் 3

கோலாலம்பூரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார், துருவைக் கறுப்பாக்கும் மருந்தைப் பூசினால் வெட்டவே வேண்டாமா என்று. அதில் பெரும்பாலும் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். டானிக் அமிலம் நமக்குப் புதிதல்ல, கடுக்காயில் இருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒன்றுதான், அமிலம் இரும்போடு சேர்ந்து வரும் நிறம்.

நம்பாமல் செய்தே பார்த்தேன். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி, கொதிக்க வைத்து, வெட்டிப் போட்ட துருத் தகட்டில் தடவினேன். ஒரு மணி நேரத்தில் நீலம் கலந்த கறுப்பு, பார்க்க அழகு. மறுநாள் உளியால் சுரண்டினேன். கறுப்பு ஒரு தாள் கனம், அதற்குக் கீழே அதே பழுப்புச் செதில், அடுக்கடுக்காக. கடைச் சரக்கு இதைவிட ஆழமாகப் போகலாம். ஆனால் செதில் பெயரும் துருவில் எதுவும் அடி வரை போகாது. கம்பி பிரஷ்ஷுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும் அது நல்லது. போன இரும்பை எந்த மருந்தும் திருப்பித் தராது.

சின்னச் சாமான்களுக்கு, தாங்கி, பிராக்கெட் மாதிரி, சலவைச் சோடாத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். சாமான் மைனஸில், ஒரு பழைய இரும்புத் துண்டு பிளஸ்ஸில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பிளஸ்ஸில் வைக்காதீர்கள், குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள், கிளம்பும் வாயு தீப்பிடிக்கும்.

2024 நவம்பர் 17

செப்டம்பர் 8இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். புதுச் சேசிஸ் நல்லது என்ற இடத்தில் என் மனசு மாறிவிட்டது.

ஒட்டுப் போட்ட சேசிஸ் என்று நான் பயந்தது பிஸ்கட் டின்னை நினைத்து. தௌக்கே போட்டது ஒட்டே அல்ல. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் புது இரும்பு வைத்து, அளவு மாறாமல் சேர்த்தது. அது பழைய இரும்புக்குக் குறைந்ததில்லை. இந்தப் பாடி கையால் பொருத்தியது, அறுபது வருஷம் இந்தச் சேசிஸ் மேலேயே உட்கார்ந்து பழகியது. வேறு சேசிஸில் வைத்தால் கதவு இடுக்குகளைச் சரிசெய்யவே மாதங்கள் போகும். அதோடு கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தம்பி, எதை வெட்டுவதானாலும் முதலில் எண் எங்கே இருக்கிறது என்று தேடிப் படம் எடுத்து வையுங்கள், சந்தேகம் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஜே.பி.ஜே.வில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுவிடுங்கள்.

துரு பிடிக்காமல் இருக்கச் சேசிஸை அப்படியே உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதைப் பற்றியும் யோசித்தேன். அந்தத் தொட்டியின் சூடு 450 டிகிரி செல்சியஸ். மூடிய பெட்டிக்குள் காற்றோ தண்ணீரோ மாட்டியிருந்தால் வெடிக்கும், அதனால் நிறையத் துளை போட வேண்டும். முன்னால் ஆசிட்டில் முக்குவார்கள், அது மடிப்புகளுக்குள் தங்கிவிடலாம். 4 மி.மீ.யைத் திருப்பிக் கொண்டுவர இவ்வளவு பட்ட பிறகு, அந்தச் சூட்டில் இதை இறக்க எனக்கு மனசு வரவில்லை. செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை.

2024 டிசம்பர் 22

இடது பக்கமும் முடிந்தது. இந்தத் தடவை முழுக்க நானே, உள்ளங்கை வைத்துப் பார்த்துப் பார்த்து. குண்டு நகரவில்லை. தௌக்கேவுக்குப் படம் அனுப்பினேன், கட்டைவிரல் ஒன்று திருப்பி அனுப்பினார்.

2025 பிப்ரவரி 16

தைப்பூசத்துக்கு ரதம் போனபோது எங்கள் ரோடு முழுக்கத் தேங்காய் உடைத்து இளநீரில் நனைந்து கிடந்தது, வண்டியை வெளியே எடுக்கவில்லை. நேற்றுதான் எடுத்தேன்.

பாடி உட்கார்ந்துவிட்டது, கதவு ஒரு விரல் தள்ளலில் மூடுகிறது. ஒட்டுப்பலகைக்குப் புதுசு வெட்டி, ஆறு முகமும் வார்னிஷ் குடிக்க வைத்து, தாங்கிக்கு நடுவில் ரப்பர் பட்டை வைத்தேன். சைடு மெம்பருக்குள் நீண்ட குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினேன். அது மடிப்புகளுக்குள் தானாக ஊர்ந்து போகும், காய்ந்து வெடிக்காது. வெளியே பெயின்ட் மட்டும், தார் கிடையாது. துரு வந்தால் என் கண்ணில் பட வேண்டும்.

தண்ணீர் வடியும் துளைகள் மொத்தம் ஆறு, பக்கத்துக்கு மூன்று. நேற்று மழையில் அரை மணி நேரம் வேண்டுமென்றே ஓட்டினேன். ராத்திரி வண்டிக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன். காலையில் அட்டையில் ஐந்து ஈர வட்டம், தெளிந்த தண்ணீர். ஆறாவது, வலது பக்கம் பின்னால், அட்டை காய்ந்து கிடந்தது. அங்கே மெழுகு அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது கம்பியோடு கீழே போகிறேன்.